ஒரு கண்ணை மூடிய ஆந்தை

கான்டாக்ட் லென்ஸ் வாங்கும்போது கூடவே ஒரு டப்பா கொடுப்பார்கள். வெள்ளை பிளாஸ்டிக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் குழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகுமூடி. ஒன்றில் எல் என்றும் மற்றதில் ஆர் என்றும் பொறித்திருக்கும். ராத்திரி லென்ஸைக் கழற்றி, அதற்கென்று உள்ள திரவத்தை ஊற்றி, அதில் ஊறவிட்டுப் படுக்க வேண்டும். இந்த டப்பாவைச் செய்தவருக்கு நல்ல கண் இருந்திருக்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு வாஷ்பேசின் வெள்ளை, சுவரில் ஒட்டிய டைல்ஸ் வெள்ளை, டப்பாவும் வெள்ளை. காலையில் எழுந்து போய் நின்றால் எனக்கு மூன்றும் ஒன்றுதான். விரலால் துழாவித் துழாவித்தான் எடுப்பேன்.

என் பார்வை அந்த லட்சணம். கையை முழுசாக நீட்டினால் என் விரல்களே எனக்குத் தெரியாது. அங்கே கை என்று ஒன்று இருப்பது மட்டும் தெரியும். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறு, வலது கண் இன்னும் மோசம். சின்ன வயதிலிருந்து சோடாபுட்டி என்ற பெயரைக் கேட்டு வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை தீவிலிருந்து மெயின்லேண்ட் போனபோது, சென்னையில் கண் டாக்டர் ஒருவர்தான் லென்ஸ் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமர இலை ஒவ்வொன்றும் தனித்தனியாக, விளிம்போடு தெரிந்தது. கண்ணாடியில் தெரிந்ததைவிடப் பெரிதாகவும் தெரிந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூரில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயின. என் கணவருக்கு மின்சாரத் துறையில் வேலை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து கிளம்பிவிடுவார். வீட்டைச் சுற்றி எங்கேயும் தண்ணீர் தேங்கக்கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறி. அந்த வருஷம் எங்கள் பக்கம் காய்ச்சல் வேறு பரவியிருந்தது. ஒருநாள் நான் எழுந்து போனபோது டப்பா கழுவி, கவிழ்த்து, மூடிகள் தனியாகக் காயவைத்திருந்தன. ஃபோன் செய்தேன்.

"அதுல தண்ணி தேங்கிக் கெடந்துச்சு. கொசு முட்டை வச்சிரும்னு கொட்டிட்டேன்," என்றார்.

"அதுல என் கண்ணு இருந்துச்சுங்க."

"ரெண்டுமா?" என்று கேட்டார்.

இரண்டும்தான். புது லென்ஸுக்குச் சென்னைக்குச் சொல்லிவிட்டு, பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் சாயங்காலம் வந்து சாப்பிடும்போது தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "பாத்தாலே உள்ள ஏதோ இருக்குன்னு தெரியற மாதிரி ஒரு டப்பா வாங்கும்மா. எனக்குத் தொடவே பயம் வரணும்."

அவருக்கு அது லென்ஸ் வீணாய்ப் போன விஷயம். நான் அன்றைக்குக் காலையில் காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இப்படிக் கண்ணைத் தொலைப்பது எனக்கு இது இரண்டாவது தடவை.

முதல் தடவை கேம்பல் பேயில், தீவுகளின் தெற்குக் கோடியில். எனக்கு அங்கேதான் முதல் போஸ்டிங், ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. கடலுக்குப் பக்கத்தில் பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் வேறு இரண்டு டீச்சர்களோடு இருந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவர்கள் இரண்டு பேரும் கப்பலில் போர்ட் பிளேருக்குப் போய்விட்டார்கள். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பின்பக்கக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். முன்வாசலில் பால்காரப் பெண்மணி குரல் கொடுத்தார். அவர் எங்கள் பக்கத்து வீடு. கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் நிலம் கொடுத்துக் குடிவைத்த பஞ்சாபிக் குடும்பங்களில் ஒன்று. தெருவே அவரை பாபி என்று கூப்பிடும், அண்ணி என்று அர்த்தம். நானும் அப்படித்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு இந்தி நன்றாக வரும், அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் வராது. அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

"வரேன் பாபி," என்று சொன்னேனா இல்லையா என்று ஞாபகமில்லை. தரை ஆடியது. தீவில் இருப்பவர்களுக்கு நில அதிர்ச்சி புதிதல்ல, ஆடும், நின்றுவிடும். இது நிற்கவில்லை. குழாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமையலறைப் பக்கம் சுவர் விழுந்த சத்தம் கேட்டது. நின்றதும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். ஜன்னல் இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் இருந்தது. சுவர் சரிந்து கிடந்தது. மண்டி போட்டுச் செங்கல்லையும் காரையையும் விலக்கி விரலால் தேட ஆரம்பித்தேன். எதற்கு அவ்வளவு மும்முரம் என்று இப்போது கேட்டால் என்ன சொல்வேன்? கண்ணாடி கிடைத்துவிட்டால் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் மனதில் இருந்தது.

பாபி உள்ளே வந்து என்னைத் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"என் கண்ணாடி, பாபி."

"விடு அதை. எழுந்திரு."

தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம். யாரோ "பானி, பானி" என்று கத்தினார்கள். தண்ணீர் என்று காதில் விழுந்தது, எங்கே, எவ்வளவு என்று புரியவில்லை. பாபி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ரோட்டைத் தாண்டி மேட்டுப் பக்கம். எனக்கு முன்னால் பச்சையாக ஒரு பெரிய மங்கல், அதுதான் காடு. பக்கவாட்டில் சிவப்பும் நீலமுமாக ஏதேதோ நகர்ந்தன, அவை மனிதர்கள். பின்னால் ஒரு சத்தம் வந்தது. கருங்கல் ஏற்றிய லாரிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும், அப்படி.

"பாபி, என்ன அது? பின்னாடி என்ன?"

"குச் நஹீ. சலோ."

ஒன்றுமில்லை, நட. மேலே ஏறி முடியும்வரை இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே, இங்கே வேர், இங்கே கல், காலைத் தூக்கி வை, வலது பக்கம் வழுக்கும். அவர் கையில் பால்வாடை. நான் செருப்புப் போடவில்லை. ஒருமுறை விழுந்தேன், அவரும் என்னோடு விழுந்தார், பிடியை விடவில்லை.

மேலே போய் உட்கார்ந்த பிறகு எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். எனக்கு அந்தத் திசையில் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம்தான் தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள் அழுத சத்தத்தை வைத்து, எது போயிற்று, யார் வீடு போயிற்று என்று தெரிந்துகொண்டேன். யாராவது பேசினால்தான் யார் என்று தெரியும். பேசாமல் அழுபவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் வகுப்புக் குழந்தை ஒன்று என் மடியில் வந்து உட்கார்ந்து கொண்டது. அது பேசும்வரை அது எந்தக் குழந்தை என்று எனக்குத் தெரியாது.

அந்த மேட்டில் சில நாட்கள் இருந்தோம். இளநீரும், பிறகு வந்து சேர்ந்த பிஸ்கட்டும் சாப்பிட்டோம். பூமி அடிக்கடி ஆடியது. பாபியின் கணவர் தோட்டத்தில் இருந்ததால் தப்பித்து, மறுநாள் எங்களைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். இடிபாட்டில் கிடந்தது என்று யாரோ ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது வயதானவர்கள் படிக்கப் போடும் கண்ணாடி. போட்டுப் பார்த்தால் இன்னும் கலங்கியது. யாருடையதோ என்று எண்ணியதும் சட்டென்று கழற்றிவிட்டேன். அவர் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ.

பிறகு கப்பலில் போர்ட் பிளேர் வந்தோம். என் அப்பா கப்பல் துறையில் பழைய கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை மாட்டியதும் முதலில் தெரிந்தது அவருடைய தாடி. அதற்கு முன் அப்பாவை நான் தாடியோடு பார்த்ததில்லை.

அதன்பின் என்னை இந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். கல்யாணம் ஆயிற்று. ஒரு கண்ணாடி முகத்தில், ஒன்று கைப்பையில், ஒன்று தலையணைக்கு அடியில் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. கணவர் அதைப் பற்றி ஒருநாளும் கேலி பேசியதில்லை.

ஆனால் வேறு ஒன்று இருந்தது. நான் கேம்பல் பேயில் இருந்தவள் என்று தெரிந்ததும் யாராக இருந்தாலும் கேட்பார்கள்: "சுனாமிய நேர்ல பாத்தீங்களா? எவ்வளவு உசரம்?" நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன். மற்றவர்கள் சொல்லும்போது கவனமாகக் கேட்பேன். தென்னை மர உயரம் என்பார்கள், கறுப்பாக வந்தது என்பார்கள். என் காலுக்குப் பின்னாலேயே வந்த ஒன்றைப் பற்றி மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த நாளை அனுபவிக்காத ஆள் போலவும், அனுபவித்ததாக ஏமாற்றும் ஆள் போலவும் மாறி மாறித் தோன்றும். இன்னொரு எண்ணமும் உண்டு. கண் தெரியாத என்னை இழுத்துக்கொண்டு வந்ததால்தான் பாபிக்கு அவ்வளவு கஷ்டம். நான் இல்லாவிட்டால் வேகமாகப் போயிருப்பார், வீட்டிலிருந்து ஏதாவது எடுத்துக்கொண்டாவது போயிருப்பார் என்று.

டப்பா வாங்க வேண்டும் என்று பேச்சு வந்த அதே சமயத்தில்தான் பாபி கண் ஆபரேஷனுக்காகப் போர்ட் பிளேர் வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கணவருக்குத் தோட்டத்தையும் மாடுகளையும் விட்டு வர முடியவில்லை. எங்கள் வீட்டில் தங்கச் சொன்னேன். கப்பல் துறையில் இறங்கியவர் என் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணாடி போட்டிருக்கிறாயா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை," என்றார்.

"போட்டிருக்கேன் பாபி."

"நல்லது. இப்போது நீ என்னைக் கூட்டிக்கொண்டு போ."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பார்த்துவிட்டு, வீடு போகும்வரை தூசி படக்கூடாது என்று அந்தக் கண்ணுக்குப் பஞ்சு வைத்து ஒட்டி அனுப்பினார்கள். கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அபர்டீன் பஜாரில் நான் வழக்கமாகப் போகும் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். எனக்கும் வேலை இருந்தது. சென்னையிலிருந்து என் லென்ஸ் வந்துவிட்டதாகத் தகவல் சொல்லியிருந்தார்கள்.

கடையை நடத்துபவர் ஒரு வங்காளி அம்மா. நாங்கள் தீதி என்போம், அக்கா என்று அர்த்தம். தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாவற்றிலும் பவர், ஃப்ரேம், நாளைக்கு வாங்க என்று சொல்லத் தெரிந்தவர், மற்றப் பேச்செல்லாம் இந்தியில்தான். என் லென்ஸைக் கொடுத்து, அங்கேயே கை கழுவிப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். பிறகு டப்பாக் கதையைச் சொன்னேன். கணவர் கொசுவுக்குப் பயந்து கொட்டியதைக் கேட்டு தீதி ரொம்ப நேரம் சிரித்தார். மேசைக்கடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தார்.

"காலேஜ் பிள்ளைங்களுக்குன்னு வரவழைச்சேன். அதுங்க கலர் லென்ஸ் போடும்ல, அதுக்கு."

பொம்மைக்கடை மாதிரி இருந்தது. பச்சைத் தவளை, அதன் இரண்டு பிதுங்கிய கண்தான் இரண்டு மூடி. பாண்டா கரடி. பாதியாக வெட்டிய தர்பூசணி, மூடியில் கறுப்பு விதைகள். எலுமிச்சைத் துண்டு. பூனை. இளஞ்சிவப்பில் இரண்டு இதயம். நாற்பதை நெருங்கும் டீச்சர் ஒருத்தி தவளையைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்து, கடைக்கு வந்த ஒரு அம்மா தன் மகளை இடித்துக் காட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை.

தவளை எனக்குப் பிடித்தது. பச்சை நிறம், வெள்ளை டைல்ஸில் பளிச்சென்று இருக்கும். கணவரும் தொட மாட்டார். ஆனால் ஒரு சிக்கல். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி. எது இடது, எது வலது என்று எழுத்தைப் படிக்க வேண்டும் என்றால் லென்ஸ் போட்டிருக்க வேண்டும். லென்ஸ் போடுவதற்கு முன்னால்தான் எனக்கு டப்பாவில் வேலையே. பவர் மாறினால் தலை சுற்றிவிடும்.

"கண்ணை மூடித் தடவிப் பார்," என்றார் பாபி.

"மூடிக்கிட்டாலும் இப்பதான் பாத்தோம்ல, கை ஞாபகம் வச்சிருக்கும். கழட்டிட்டுப் பாக்கறேன்," என்று தீதியிடம் சொன்னேன்.

தீதிக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் புதுத் திரவம் ஊற்றிய ஒரு சாதாரண டப்பாவைக் கொடுத்தார். போட்ட லென்ஸைத் திரும்பக் கழற்றி அதில் வைத்தேன். கடை மங்கிப் போயிற்று. தீதி, "மேலே பரண்ல இன்னொரு பெட்டி இருக்கு, அதுல வேற தினுசு இருக்கும், பாத்துட்டு வரேன்," என்று ஏணி எடுக்கப் போனார்.

நானும் பாபியும் இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு ஒரு கண்ணில் பஞ்சு, மற்றதில் புரை. எனக்கு லென்ஸும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வாசலில் ஆட்டோக்களின் சத்தம். பாபி தர்பூசணி டப்பாவைத் திருகித் திறந்து, திருகி மூடிக்கொண்டிருந்தார். அந்த க்றீச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷம் கேட்காததை ஏன் அப்போது கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் முகம் எனக்குத் தெரியாமல் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

"பாபி, அன்னைக்கு என்ன பாத்தீங்க?"

"என்றைக்கு?"

"மேட்டுல ஏறும்போது. பின்னாடி."

திருகும் சத்தம் நின்றது. "ஒன்றும் பார்க்கவில்லை."

"ஒன்னுமில்ல, ஒன்னுமில்லன்னு சொல்லிட்டே வந்தீங்களே. பாத்துட்டு எனக்காகப் பொய் சொல்றீங்கன்னுதான் நெனச்சிட்டிருக்கேன்."

"திரும்பினால்தானே பார்க்க? நான் உன் காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். செருப்புக்கூட இல்லை உன் காலில். எங்கே வைக்கிறாய், எங்கே வைக்கிறாய் என்று அதுதான் என் கண்ணில் இருந்தது. மேலே போய் உட்கார்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் ரோட்டுமேல் கிடந்தது. அவ்வளவுதான் பார்த்தேன்."

அவரே தொடர்ந்தார்.

"மாட்டைக் கட்டிவிட்டு வந்திருந்தேன், டீச்சர். உனக்குப் பால் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று. கன்றும் அங்கேதான். ஓடும்போது அது கத்தியது. உனக்குக் கேட்டதா?"

"இல்ல பாபி."

"எனக்குக் கேட்டது. திரும்பியிருந்தால் அவிழ்த்துவிடப் போயிருப்பேன். போயிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உன் கையை விட்டால் நீ அங்கேயே நின்றுவிடுவாய். இல்லை, கடல் பக்கமாகவே நடந்துவிடுவாய். அதனால் போகவில்லை." தர்பூசணி மூடியை மறுபடியும் திருகிக்கொண்டே சொன்னார், "நான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லியிருக்கிறேன், அந்தப் பெண்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள் என்று."

எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் சும்மா இருக்காமல் மேசைமேல் கிடந்த எதையோ எடுத்துத் தடவிக்கொண்டிருந்தது. அது பூனையா, பாண்டாவா என்று தெரியவில்லை. என் கண்ணைக் குறையாக நினைத்தே வளர்ந்தவள் நான். அன்றைக்கு அது இன்னொருவரை நிறுத்தி வைத்தது என்பதை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியவில்லை. இவ்வளவு காலமும் அவர் பார்த்திருப்பார், ஒருநாள் கேட்டுத் தெரிந்துகொண்டால் என் மனதில் இருக்கும் அந்த வெள்ளை இடம் நிரம்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்திருக்கிறது. இப்போது இரண்டு பேரிடமும் அந்தக் காட்சி இல்லை. அதில் ஏமாற்றம் ஏதும் இல்லை. மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது, அதைத்தான் சொல்ல முடியும்.

"மாடு நல்ல மாடு," என்றார் பாபி.

"தெரியும். உங்க பால்ல தண்ணியே இருக்காது."

"கொஞ்சம் இருந்தது," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

தீதி பரணிலிருந்து இறங்கி வந்து, தூசியைத் துடைத்து ஒன்றை என் கையில் வைத்தார். "இதைத் தடவிப் பாருங்க டீச்சர்."

உருண்டையாக ஒரு உடம்பு. மேலே இரண்டு சின்னக் கூர், காதோ கொம்போ. ஒரு மூடியின் நடுவில் மொட்டு மாதிரி ஒரு மேடு. மற்ற மூடியில் மேடு இல்லை, குறுக்கே வளைந்த ஒரு கோடு புடைத்திருந்தது. மாற்றி மாற்றித் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பின்னால் திருப்பி வைத்தார், தலைகீழாக வைத்தார். ஒவ்வொரு முறையும் எது எந்தப் பக்கம் என்று விரல் கண்டுபிடித்துவிட்டது. லென்ஸைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

மஞ்சள் நிறத்தில் ஒரு ஆந்தை. ஒரு கண்ணை உருட்டி விழித்துக்கொண்டு, மற்றக் கண்ணை மூடிக் கண்ணடித்தது.

"அய்யோ, ஆந்தையா," என்று வாயில் வந்துவிட்டது. ராத்திரி ஆந்தை அலறினாலே கதவை அடைக்கச் சொல்லும் வீட்டில் பிறந்தவள் நான்.

பாபி கிட்டக் கொண்டுவரச் சொல்லி, புரைக் கண்ணால் உற்றுப் பார்த்தார். "உல்லு," என்றார். இந்தியில் அது ஆந்தை மட்டுமில்லை, முட்டாளையும் அப்படித்தான் சொல்வார்கள். "தினமும் காலையில் எழுந்து முட்டாளின் முகத்திலா விழிப்பாய்?"

தீதிக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன ரெண்டு பேரும் இப்படிச் சொல்றீங்க? லக்ஷ்மி உக்காந்து வர்றதே இதுமேலதான். எங்க வீட்டுப் பூஜையில லக்ஷ்மி காலடியில இது இல்லாம படமே கிடையாது. ஆந்தை வீட்டுக்கு வந்தா நாங்க விரட்ட மாட்டோம்."

மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். தீதி நல்ல வியாபாரி, விற்பதற்காகச் சொன்னாரா என்று பின்னால் ஒரு வங்காளி டீச்சரிடம் விசாரித்தேன். உண்மைதானாம். ஆனால் நான் அதை வாங்கியது லக்ஷ்மிக்காக இல்லை. அந்தக் கோட்டுக்காகத்தான். கண் தெரியாத ஆளை நினைத்துச் செய்த பொருள் என்று அதற்கு முன் என் கையில் எதுவும் வந்ததில்லை. செய்தவர் வேடிக்கைக்காகக் கண்ணடிக்க வைத்திருக்கலாம். எனக்கு அது போதும்.

பாபி பஞ்சு ஒட்டிய முகத்தைக் கடைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆந்தையைப் பார்த்தார். "இதை என்னைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்," என்றார். கறுப்புக் கண்ணாடியோடு, கையில் வைத்திருந்த தர்பூசணி டப்பாவையும் வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். தோடு போட்டு வைக்க, இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தால் திருகாணி சிக்கிக்கொள்கிறது என்றார்.

வீட்டில் கணவர் ஆந்தையைப் பார்த்ததும், "வேற ஒன்னுமே கெடைக்கலையா?" என்று கேட்டார். தவளை இருந்தது என்றேன். "தவளை தேவலாம்," என்றார். ஆனால் கொட்டியவர் அவர்தான் என்பதால் அதற்குமேல் பேசவில்லை. முதல் சில நாட்கள், அவர் போன பிறகு நான் எழுந்து பார்த்தால் ஆந்தை சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். தொடப் பயமாக இருக்க வேண்டும் என்று கேட்டவர், முகத்தைப் பார்க்கப் பயந்து தினமும் தொட்டுக்கொண்டிருந்தார். கொட்டிவிடாதவரை சரி என்று விட்டுவிட்டேன். கரண்ட் இல்லாத மழைக்காலக் காலைகளில் மெழுகுவத்தியைத் தேடாமல் நேரே போய், மேட்டைத் தடவி வலது, கோட்டைத் தடவி இடது என்று போட்டுக்கொள்வேன்.

அடுத்த முறை கண் பார்க்கப் போனபோது டாக்டர், டப்பாவை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். மாற்ற வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை தூக்கிப் போட்டுவிட வேண்டுமாம், கழுவினாலும் கிருமி தங்குமாம், நம் ஊர் ஈரத்துக்கு இன்னும் சீக்கிரம் மாற்றுவது நல்லது என்றார். தீதி கடையில் ஆந்தை தீர்ந்துவிட்டது. அடுத்த சரக்கில் வரும் என்றார், வரவில்லை. தவளைதான் வாங்கினேன். கணவர் வலது கண் மூடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்தார், தடவினால் தெரியும்படி. ஆந்தையைக் குப்பையில் போட எடுத்தபோது அவர் வாங்கிக்கொண்டார். இப்போது அதன் ஒரு கண்ணில் ஃபியூஸ் கம்பி, மற்றதில் சின்ன ஆணி வைத்திருக்கிறார்.

பள்ளியில் புதிதாக வந்த டீச்சர் ஒருவர் போன வருஷம் கேட்டார், "மேடம், நீங்க அங்கதான் இருந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு?" கண்ணாடி உடைந்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை, பக்கத்து வீட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன் என்று சொன்னேன். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டார். அது நல்ல கேள்வியாகப் பட்டது.

பாபி நன்றாக இருக்கிறார். இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பிவிட்டார். மாடுகள் இருக்கின்றன, பால் வியாபாரம் நடக்கிறது. லைன் கிடைக்கும்போது ஃபோனில் பேசுவோம். போன வாரம் பேசும்போது பார்வை எப்படி என்று கேட்டேன். பிரமாதம் என்றார். பாலில் ஈ விழுந்தால் இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறதாம்.

"முன்னால் எத்தனை ஈயை விற்றேனோ தெரியவில்லை, டீச்சர். யாரும் ஒன்றும் சொல்லவே இல்லை," என்றார்.